கல்லூரிகள் நிறைந்த ஊரில் கல்லூரி கேட்பது

திருவேற்காட்டில் ஓர் அரசு கலை அறிவியல் கல்லூரி வேண்டும் என்று யார் பேச்செடுத்தாலும், "இங்க இல்லாத காலேஜா?" என்ற பதில் உடனே வந்துவிடுகிறது. நகர்மன்ற உறுப்பினரும் வியாபாரிகள் சங்கத்துக்காரரும் குடியிருப்போர் நலச் சங்கத்துப் பெரியவரும் கட்சி பேதமின்றி ஒரே குரலில் இதைச் சொல்கிறார்கள். கூடவே இன்னும் சில வாதங்கள் வரிசையாக வரும். சென்னை பக்கத்தில்தானே இருக்கிறது? பி.ஏ. படித்து என்ன கிழிக்கப் போகிறார்கள்? கோயில் பணத்தில் கல்லூரி கட்டுவது பாவமில்லையா? ஊர்ப் பெரியவர்களுக்குச் சாலையும் வடிகாலும் போதாதா? இந்தக் கருத்து எங்கள் ஊரில் விவாதமே இல்லாமல் ஏற்கப்பட்ட உண்மையாக உலவுகிறது. இது தவறு. இதற்கான விலையைத் தருபவர்கள் பதினேழு, பதினெட்டு வயதுப் பிள்ளைகள் என்பதால், தவறு என்று மெல்லச் சொல்லிவிட்டு நகர்ந்துவிட எனக்கு மனமில்லை.

முதல் வாதத்தையே எடுத்துக்கொள்வோம். கல்லூரிகள் இருப்பது உண்மைதான். பூந்தமல்லி - ஆவடி சாலையில் எஸ்.ஏ. பொறியியல் கல்லூரி 1998 முதல் இயங்குகிறது. அதே நிர்வாகத்தின் கலை அறிவியல் கல்லூரியும் இங்கேயே உண்டு. வேலப்பன்சாவடியில் பல் மருத்துவக் கல்லூரி, மதுரவாயலில் எம்.ஜி.ஆர். பெயரிலான நிகர்நிலைப் பல்கலைக்கழகம், போரூரில் ஸ்ரீராமச்சந்திரா, நசரத்பேட்டை பக்கம் பனிமலர், ஆவடியில் வேல்டெக். காலை ஏழரை மணிக்குச் சாலையோரம் நின்றால் மஞ்சள் நிறக் கல்லூரிப் பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போவதைப் பார்க்கலாம். சென்னையின் எல்லா மூலைகளிலிருந்தும் வெளி மாவட்டங்களிலிருந்தும் பிள்ளைகளை இங்கே கொண்டுவந்து இறக்குகின்றன அவை. இந்த நிறுவனங்கள் மீது எனக்குப் புகார் இல்லை. அவை செய்வதாகச் சொன்ன வேலையைச் செய்கின்றன. ஆனால் இவை அனைத்தும் சுயநிதி நிறுவனங்கள். கட்டணம் கட்டக்கூடியவர்களுக்காக அமைந்தவை. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் அரசின் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வுக்குள்ளேயே வருவதில்லை. கல்யாண மண்டபங்கள் வரிசையாக நிற்கும் தெருவில் குடியிருப்பவனிடம் உனக்குச் சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை என்று சொல்வதைப் போன்றது, கல்லூரிகளை எண்ணிக் காட்டி எங்கள் பிள்ளைகளுக்கு வழி இருக்கிறது என்பது.

எண்ண வேண்டியது கட்டடங்களை அல்ல, ஓர் ஆட்டோ ஓட்டுநரின் மகள் உரிமையோடு கேட்டு வாங்கக்கூடிய இடங்களை. அரசு கலைக் கல்லூரியில் அந்த உரிமை எப்படிச் செயல்படுகிறது என்று பாருங்கள். பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத் தரவரிசை, 69 சதவீத இட ஒதுக்கீடு, மாநிலம் முழுமைக்கும் ஒரே இணைய விண்ணப்பம். அந்த விண்ணப்பத்துக்குப் பல ஆண்டுகளாக வாங்கப்பட்டது வெறும் 50 ரூபாய். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு 2 ரூபாய். இளங்கலைக்குக் கற்பிப்புக் கட்டணம் கிடையாது. சிபாரிசுக் கடிதமோ நன்கொடைப் பேச்சோ தேவையில்லை. சுயநிதிக் கல்லூரி வாசலில் இதே பெண் பி.காம். கேட்டு நின்றால், முதல் தலைமுறைப் பட்டதாரிக்கான கட்டணச் சலுகை அவளுக்கு உதவாது. அது கலந்தாய்வு வழியாகத் தொழிற்கல்வியில் சேர்கிறவர்களுக்கானது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடும் தொழிற்கல்விக்குத்தான். புதுமைப் பெண் திட்டத்தில் 2022 முதல் மாதம் 1000 ரூபாய் வருகிறது. அதை நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் சுயநிதிக் கல்லூரியின் பருவக் கட்டணத்துக்கு முன்னால் அந்தத் தொகை எவ்வளவு தூரம் போகும் என்பதை வீட்டுக் கணக்கு எழுதும் எந்தத் தாயும் சொல்லிவிடுவாள்.

மக்கள்தொகைக் கணக்கையும் பார்த்துவிடலாம். 2011 கணக்கெடுப்பில் அம்பத்தூரில் 4,66,205 பேர், ஆவடியில் 3,45,996 பேர், திருவேற்காட்டில் 62,824 பேர், பூந்தமல்லியில் 57,224 பேர். கூட்டினால் 9 லட்சத்து 30 ஆயிரத்தைத் தாண்டுகிறது. அதற்குப் பின் இந்தப் பகுதி எப்படிப் பெருத்திருக்கிறது என்பதை அடுக்குமாடிகளைப் பார்த்தாலே தெரியும். இவ்வளவு பேர் வாழும் இந்த மேற்குப் புறநகரில், ஏழைப் பிள்ளை நம்பிப் போகப் பெரிய பெயர் என்று ஒன்றைத்தான் ஊர்க்காரர்கள் சொல்வார்கள்: பட்டாபிராமில் இருக்கும் இந்துக் கல்லூரி. அது அரசு உதவி பெறும் கல்லூரி. 1969இல் கலவல கண்ணன் செட்டி அறக்கட்டளை ஏற்படுத்தியது. தமிழ்நாட்டில் 18 முதல் 23 வயது வரை உள்ளவர்களில் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 சதவீதம், இந்திய சராசரியோ 28.4 என்று 2021-22 அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பைக் காட்டி, இனி என்ன குறை என்று கேட்பவர்கள் உண்டு. அந்த 47ஐ எண்ணி எனக்கும் பெருமைதான். மீதி 53 பேர் எங்கே இருக்கிறார்கள் என்று தேடினால், கல்லூரி வளாகங்களின் மதில் சுவரை ஒட்டிய தெருக்களிலும் அவர்கள் அகப்படுவார்கள் என்பதுதான் வேதனை.

சென்னை பக்கத்தில் இருக்கிறது என்ற வாதத்துக்கு வருகிறேன். திருவேற்காட்டுக்கு ரயில் நிலையம் இல்லை. ஆவடிக்கோ திருமுல்லைவாயிலுக்கோ போய்த்தான் மின்சார ரயில் ஏற வேண்டும். புதிய மெட்ரோ வழித்தடம் போரூர், குமணன்சாவடி வழியாகப் பூந்தமல்லிக்குப் போகிறதே தவிர எங்கள் ஊரைத் தொடவில்லை. ஆகவே மாநிலக் கல்லூரிக்கோ ராணி மேரிக்கோ நந்தனத்துக்கோ போக வேண்டிய பிள்ளை பேருந்தை நம்ப வேண்டும். கோயம்பேட்டில் மாறி ஏற வேண்டும். வானகரம் சந்திப்பையும் மதுரவாயலையும் காலை எட்டரைக்குக் கடந்தவர்களுக்கு இருபது கிலோமீட்டர் என்றால் என்னவென்று தெரியும். போகவர மூன்று மணி நேரம் சர்வசாதாரணம். மாணவருக்கு இலவசப் பயணச்சீட்டு உண்டு, பெண்களுக்குச் சாதாரணக் கட்டணப் பேருந்தில் காசே வேண்டாம் என்பார்கள். காசு மிச்சமாவது சரி, நேரம் மிச்சமாவதில்லை. மாலையில் அந்த நேரத்தில் டியூஷன் எடுத்தோ கடையில் நின்றோ சம்பாதித்து வீட்டுக்குத் தர வேண்டிய பிள்ளை அவன். தம்பி தங்கையைப் பள்ளியிலிருந்து அழைத்து வர வேண்டியவள் அவள். ஐந்தரைக்கு வகுப்பு முடிந்து இருட்டிய பிறகு வீடு சேரும் மகளை மூன்று வருடம் அனுப்பி வைக்கத் துணியாத தகப்பனைப் பிற்போக்கு என்று திட்டிவிட்டுப் போகலாம். அதனால் அந்தப் பெண்ணுக்கு ஒரு பயனும் இல்லை. கல்லூரி கிட்டத்தில் இருந்தால் அவரே கொண்டுபோய் விடுவார்.

பட்டப்படிப்பே வீண், கைத்தொழில் கற்றால் போதும் என்பவர்கள் பெரும்பாலும் தங்கள் பிள்ளைகளைப் பட்டப்படிப்புக்கு அனுப்பியவர்கள். அம்பத்தூரில் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. அதில் படித்து நல்ல நிலைக்கு வந்தவர்கள் பலர், அந்த வழி இன்னும் அகலமாக வேண்டும். ஆனால் பிளஸ் டூ முடித்ததும் கம்பெனி பஸ்ஸில் ஏறி காண்ட்ராக்ட் வேலைக்குப் போகும் பையனுக்கு என்ன நடக்கிறது என்று அம்பத்தூர் எஸ்டேட்டிலும் இருங்காட்டுக்கோட்டையிலும் விசாரித்துப் பாருங்கள். முதல் மாதச் சம்பளம் வீட்டுக்குப் பெரிதாகத் தெரியும். ஓ.டி. சேர்ந்தால் இன்னும் பெரிது. ஒப்பந்தம் முடிந்ததும் வேறு கம்பெனி, அதே சம்பளம், அதே இடம். சூப்பர்வைசர் பணிக்கு ஆள் எடுக்கும்போது பட்டம் உண்டா என்று கேட்கிறார்கள். காவல் உதவி ஆய்வாளர் தேர்வு எழுதப் பட்டம் வேண்டும். குரூப் 2 எழுதப் பட்டம் வேண்டும். பி.எட். படித்துப் பள்ளி ஆசிரியராகவும் பட்டம்தான் முதல் படி. இத்தனை கதவுகளுக்கும் ஒரே சாவியாகப் பட்டத்தை வைத்துவிட்டு, இந்தப் புறநகர்ப் பிள்ளைக்கு மட்டும் அது வேண்டாம் என்று தீர்ப்புச் சொல்ல நமக்கு என்ன அதிகாரம்? படித்தபின் அவன் லேத் பட்டறையே வைக்கட்டும். அதை அவன் தீர்மானிக்கட்டும்.

கோயில் பணம் பற்றிய வாதத்தில் நான் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் இது தேவி கருமாரியம்மன் ஊர். ஆடி மாதத்தில் இங்கே வந்து போகும் கூட்டத்தைக் கண்டவர்களுக்கு இந்தக் கோயிலின் செல்வாக்கு தெரியும். 2021இல் இந்து சமய அறநிலையத் துறை கோயில்களின் சார்பில் கல்லூரிகள் தொடங்குவதாக அறிவித்தது. கொளத்தூரில் கபாலீசுவரர் பெயரில் ஒன்றும் திருச்செங்கோடு, விளாத்திகுளம் உள்ளிட்ட இடங்களில் மேலும் மூன்றும் தொடங்கப்பட்டன. வழக்குப் போடப்பட்டது. புதிதாக இனி எதையும் அனுமதியின்றித் தொடங்கக் கூடாது என்றும், தொடங்கியவற்றில் இந்து சமயம் பற்றிய பாடம் வேண்டும் என்றும் சென்னை உயர் நீதிமன்றம் அந்த நவம்பரில் கூறியது. 2025 ஜூலையில் எதிர்க்கட்சித் தலைவராக இருந்த எடப்பாடி பழனிசாமி கோவைப் பரப்புரையில் இதை மீண்டும் கிளப்பினார். கோயில் காசில் ஏன், அரசுக் காசில் கட்டலாமே என்பது அவர் கேள்வி. அன்று முதல் எங்கள் ஊர் டீக்கடைகளில் இது ஒரு தீர்ந்த முடிவாகவே பேசப்படுகிறது.

அது தீர்ந்த முடிவு இல்லை. 1959ஆம் ஆண்டு அறநிலையச் சட்டமே, கோயில் தேவைகள் போக மிஞ்சும் உபரியை எதற்கெல்லாம் செலவிடலாம் என்ற பட்டியலில் கல்லூரியையும் பல்கலைக்கழகத்தையும் சேர்த்திருக்கிறது. இந்து சமயக் கல்விக்கு அங்கே இடம் வேண்டும் என்பது நிபந்தனை. 1945இல் திருப்பதி தேவஸ்தானம் கல்லூரி தொடங்கியது. பழனியில் 1960களிலிருந்தே கோயில் கல்லூரி நடக்கிறது. குற்றாலத்தில் பராசக்தி மகளிர் கல்லூரி 1964இல் வந்தது. இவற்றில் படித்த பெண்களின் பேத்திகள் இன்று கல்லூரிக்குப் போகிறார்கள். அதனால் எந்தக் கோயிலிலும் விளக்கு அணைந்துவிடவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, பச்சையப்பர் இருக்கிறார். இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துப் பெரியபாளையத்தில் 1754இல் பிறந்தவர். நமக்குப் பக்கத்து ஊர்க்காரர். துபாஷியாக இருந்து பெரும் பொருள் ஈட்டிய அவர் 1794இல் இறக்கும்போது எழுதிய உயில் கோயில் கட்டளைகளுக்கும் தருமங்களுக்கும்தான் செல்வத்தை ஒதுக்கியது. கல்லூரி அதில் இல்லை. அறக்கட்டளைப் பணம் வழக்குகளில் ஆண்டுக்கணக்கில் சிக்கிக் கிடந்தது. கடைசியில் சென்னை நீதிமன்றத்தில், கோயில் கட்டளைகள் முறையாக நடந்தது போக மிஞ்சிய தொகையைக் கல்விக்குத் திருப்பலாம் என்று முடிவாகி, 1842இல் பிராட்வேயில் ஒரு பள்ளி தொடங்கியது. அதுதான் பச்சையப்பன் கல்லூரி. கோயில் தருமத்தின் உபரியில் பிறந்த கல்லூரி தமிழ்நாட்டின் எத்தனை தலைவர்களை, ஆசிரியர்களை, எழுத்தாளர்களை உருவாக்கியது என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அண்ணா படித்தது அங்கேதான்.

இந்த வரலாற்றின் மறுபக்கத்தையும் மறைக்க மாட்டேன். பச்சையப்பன் நெடுங்காலம் இந்து மாணவர்களை மட்டுமே சேர்த்துக்கொண்டது. கொளத்தூர்க் கல்லூரியில் பணிக்கு இந்துக்கள் மட்டுமே விண்ணப்பிக்கலாம் என்ற நிபந்தனை 2024இல் நீதிமன்றத்திலும் நிலைத்தது. எனவே கோயிலே நடத்தும் கல்லூரியைவிட, அரசே நடத்தும் கல்லூரிக்குக் கோயில் இடம் தருவதையே நான் விரும்புவேன். வசதியான நிலம் இருந்தால், சட்டப்படி நியாயமான குத்தகைக்கு விடலாம். கோயிலுக்கு வருமானம் நிற்காது, எந்த மதத்துப் பிள்ளைக்கும் வாசல் மூடாது. இரண்டு வழியில் எது சரி என்று வாதிடலாம். எதுவும் கூடாது என்று சொல்ல, அடியார்க்கு அமுதளிக்கத் தன் பொருளெல்லாம் இழந்த மூர்க்க நாயனாரின் ஊரில் ஒருவருக்கும் நியாயமில்லை.

உண்மையில் என்னைத் தடுமாற வைக்கும் எதிர்வாதம் ஒன்றே ஒன்றுதான். அது தரம் பற்றியது. புதிய அரசுக் கல்லூரிகள் பல இடங்களில் ஏதோ ஒரு பள்ளிக் கட்டடத்தின் பக்கவாட்டில் தொடங்கப்படுகின்றன. நிரந்தரப் பேராசிரியர் பணியிடங்கள் காலியாகக் கிடக்க, தொகுப்பூதியம் வாங்கும் கௌரவ விரிவுரையாளர்கள் வகுப்புகளைத் தாங்குகிறார்கள். ஆய்வகம் இல்லாத பி.எஸ்சி., நூலகம் இல்லாத பி.ஏ. என்று மாணவர்கள் மூன்று ஆண்டைக் கழிப்பதும் நடக்கிறது. இப்படி ஒன்றை ஊருக்கு ஊர் திறப்பதைவிட இருக்கும் கல்லூரிகளைச் சீர்படுத்துவது மேல் என்று சொல்பவர்கள் கல்வியை நேசிப்பவர்கள். அவர்களை நான் எதிரணியில் வைக்கவில்லை. ஆனால் அவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். இருக்கும் கல்லூரிகளைச் சீர்படுத்துங்கள் என்று அழுத்தம் கொடுப்பது யார்? மாநிலக் கல்லூரியில் ஒரு துறை காலியாக இருப்பது திருவேற்காட்டு நகர்மன்றத்துக்குப் பிரச்சினையே இல்லை. தன் ஊர்க் கல்லூரியில் இயற்பியலுக்கு ஆள் இல்லை என்றால் அது வார்டு கூட்டத்தில் பேசப்படும், எம்.எல்.ஏ. வரும்போது கேட்கப்படும், பெற்றோர் திரண்டு போய் நிற்பார்கள்.

எளிய தொடக்கத்தைக் கண்டு முகம் சுளிப்பவர்களுக்கு ராணி மேரிக் கல்லூரியை நினைவூட்டுகிறேன். 1914இல் கடற்கரைச் சாலையில் கேப்பர் ஹவுஸ் என்ற பழைய மாளிகையில் 37 மாணவிகளோடு தொடங்கியது அது. வேல்ஸ் நாட்டின் பாங்கர் நகரில் 1884இல் பல்கலைக்கழகக் கல்லூரி ஒரு பழைய தங்கும் விடுதியில் தொடங்கியது. அதற்கான நன்கொடையில் கற்சுரங்கத் தொழிலாளர்கள் தங்கள் கூலியிலிருந்து போட்ட காசும் இருந்தது. யாழ்ப்பாணத்தில் 1921இல் பொன்னம்பலம் இராமநாதன் எழுப்பிய பரமேசுவராக் கல்லூரியில்தான் 1974இல் பல்கலைக்கழக வளாகம் பிறந்தது. இவற்றில் எதுவும் முதல் நாளிலேயே தரத்தோடு பிறக்கவில்லை. எங்களுக்கு இது வேண்டும் என்று விடாப்பிடியாக நின்ற ஊர்க்காரர்கள் இருந்தார்கள், தரம் பின்னால் வந்தது.

கடைசி வாதம், தலைவர்களின் வேலை எது என்பது. சாலையும் வடிகாலும் குப்பையும் அவர்கள் பொறுப்புதான். கூவம் பெருகும் ஆண்டுகளில் எங்கள் தெருக்களின் கதி எனக்கும் தெரியும். ஆனால் தமிழ்நாட்டின் கல்லூரி வரைபடத்தைப் பார்த்தால், அதில் பெரும்பகுதியை அரசு தானாக வரையவில்லை. 1947இல் ஏ. லட்சுமணசாமி முதலியார் புதிய கல்லூரிகள் வேண்டும் என்று மேடையில் கேட்டபோது அழகப்பச் செட்டியார் அங்கேயே ஒப்புக்கொண்டு அதே ஆண்டு காரைக்குடியில் கல்லூரியைத் தொடங்கினார். மின்வேதியியல் ஆய்வகம் அந்த ஊருக்கு வர 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தந்தவரும் அவரே. நாங்கள் யாரும் அழகப்பர் இல்லை, எங்களிடம் 300 ஏக்கர் இல்லை. ஆனால் இங்கே ஒரு நகராட்சி இருக்கிறது, வணிகர் சங்கங்கள் இருக்கின்றன, அரசுப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுக்கள் இருக்கின்றன, கோயில் இருக்கிறது. ஆவடி மாநகராட்சியோடு திருவேற்காட்டை இணைப்பது பற்றிய பேச்சு வந்தபோது வரி கூடுமா, வார்டு குறையுமா என்று இவர்கள் எல்லோரும் கூடிப் பேசினார்கள். அந்தக் கூட்டங்களில் ஒன்றிலாவது, இணைந்தால் எங்களுக்கு ஓர் அரசுக் கல்லூரி வேண்டும் என்று ஒருவர் நிபந்தனை வைத்திருக்கலாம்.

இனியாவது வைக்கட்டும். அடுத்த நகர்மன்றக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் வந்தால் அதில் எதெல்லாம் இருக்க வேண்டும் என்று நான் கேட்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். இருபாலருக்குமான கல்லூரி. தமிழ், வணிகவியல், கணினி அறிவியல், கணிதம் ஆகிய பாடங்களோடு, பி.எட். போக விரும்புவோருக்காக இயற்பியலும் வரலாறும். ஷிஃப்ட் வேலைக்குப் போகிறவர்கள் படிக்க இரண்டாம் சுழற்சி வகுப்பு கட்டாயம். நிரந்தரப் பணியிடங்களை ஒப்பளித்த பிறகே திறப்பு விழா. இடத்துக்கு, நகராட்சியும் வருவாய்த் துறையும் அறநிலையத் துறையும் சேர்ந்து உட்கார்ந்து மூன்று மாதத்தில் ஒரு பதில்.

அதற்கும் முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது, அதற்கு அரசாணை எதுவும் தேவையில்லை. திருவேற்காட்டிலும் சுற்றிலும் உள்ள அரசுப் பள்ளிகளில் சென்ற மூன்று ஆண்டுகளில் பிளஸ் டூ தேறியவர்களின் பட்டியலைத் தலைமை ஆசிரியர்கள் வைத்திருக்கிறார்கள். அவர்களில் யார் எந்தக் கல்லூரியில் சேர்ந்தார்கள், எவ்வளவு கட்டினார்கள், யார் பாதியில் நின்றார்கள், யார் சேரவே இல்லை என்று வார்டு வாரியாக விசாரித்து எழுத வேண்டும். வாக்காளர் பட்டியலை வைத்துக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கத் தெரிந்தவர்கள் இந்தப் பட்டியலோடும் ஒரு முறை ஏறி இறங்கட்டும். அந்தத் தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு, இங்கே இல்லாத கல்லூரியா என்று கேட்கத் துணிபவர் யாராவது இருந்தால், அவரோடு நான் மறுபடி விவாதிக்கத் தயார்.